பழைய அரிவாள்மனையைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் பயிற்சி நேரத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், சேமிப்பு, வங்கி இணைப்பு பற்றியெல்லாம் காலையிலிருந்து நல்லா பேசினாங்க. நான் பேசப் போறது கத்தியும் அரிவாள்மனையும் பற்றி. சிரிக்காதீங்க. நம்ம குழுக்கள்ல சமையல் ஆர்டர் எடுக்கிறவங்க இருக்கோம். காய் நறுக்கிப் பாக்கெட் போட்டுக் கொடுக்கிறவங்க இருக்கோம். ஊறுகாய் போடுறவங்க, மீன் வெட்டிக் கொடுக்கிறவங்க இருக்கோம். நாள் முழுக்க நம்ம கையில இருக்கிற கருவி கத்திதான். அது மழுங்கியிருந்தா அழுத்தி அறுக்க வேண்டியிருக்கு. அழுத்தினா வழுக்குது, வழுக்கினா விரல்ல ஏறுது. விரல்ல கட்டோட புளியும் மிளகாயும் தொட முடியுமா? அந்த வாரக் கூலி போச்சு.

சாணை பிடிக்கிறவர் முன்னெல்லாம் சைக்கிள்ல தெருவுக்கு வருவார். இப்ப எத்தனை ஊருக்கு வர்றார்? அவர் வராததால, கொஞ்சம் மழுங்கினதும், துருப்பிடிச்சதும், பாட்டி காலத்து அரிவாள்மனையைப் பழைய இரும்புக்குப் போட்டுடறோம். அந்தக் காலத்துல பேரீச்சம்பழம் கொடுத்தாங்க, இப்ப பிளாஸ்டிக் பக்கெட் கொடுக்கிறாங்க. அதுக்குப் பதிலா சந்தையில மலிவு எவர்சில்வர் கத்தி வாங்குறோம். கொஞ்ச நாள்ல அதுவும் மழுங்குது, இன்னொண்ணு வாங்குறோம்.

போட்ட இரும்பு எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்றேன். கத்தி, அரிவாள் செய்யறது சும்மா இரும்பு இல்லை. அதுல கார்பன், அதாவது கரி, நூத்துக்கு அரை பங்கிலிருந்து ஒரு பங்கு வரை கலந்திருக்கும். அந்தக் கொஞ்சூண்டு கரிதான் அதைக் காய்ச்சித் தண்ணியிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது கெட்டியாக்குது. நம்ம ஊர்ப் பட்டறைகள்ல லாரியோட பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கி அடிக்கிறதும் இதுக்காகத்தான். எவர்சில்வர்ல குரோமியம் நூத்துக்குப் பத்து பங்குக்கு மேல இருக்கும், அதனால சுலபமா துருப்பிடிக்காது. ஆனா மலிவு ரகங்கள்ல அலகு மென்மையா இருக்கும், கூர் நிக்காது. நல்ல இரும்பு அலகு கூர் பிடிக்கும், நிக்கும், வீட்டுக் கல்லுலயே தீட்டலாம். அதுக்கு ஒரே குறை துரு. அதை எப்படி எடுக்கிறது, எப்படித் தீட்டுறது, மறுபடி வராம எப்படிப் பார்த்துக்கிறதுன்னு மூணு வேலையாச் சொல்றேன்.

முதல் வேலை, துரு எடுக்கிறது. புளியை நல்லா கெட்டியாக் கரைச்சுக்கோங்க, இல்லைன்னா வினிகர் எடுத்துக்கோங்க. பழைய துணியை அதுல நனைச்சு அலகு முழுக்கச் சுத்தி வையுங்க. மரக்கட்டையை நனைக்காதீங்க, வெடிச்சிடும். அரை மணிக்கொரு தரம் பிரிச்சுப் பாருங்க. சிவப்புத் துரு இளகினதும் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கணும். பிடிவாதமான இடத்துக்கு உப்புத்தாள், முதல்ல 220 நம்பர், பிறகு 400. புளிப்பு அலகுல தங்கினா மறுபடி அரிக்கும், அதனால ஆப்பசோடாத் தண்ணியில கழுவி உடனே துடைச்சிடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்தாதீங்க. அது இரும்பையும் தின்னும், அதோட புகை நம்ம நெஞ்சையும் அரிக்கும். துரு போகட்டும்னு அடுப்புலயும் காட்டாதீங்க. கொல்லர் ஏத்தி வச்ச பதம் சூட்டுல இறங்கிடும். மிஷின் சக்கரத்துல தீட்டும்போது கூர் நீலமாப் போனாலும் அதே கதைதான், அந்த இடம் மென்மையாயிடும். சொட்டுச் சொட்டாத் தண்ணி விடச் சொல்லுங்க.

ரெண்டாவது வேலை, தீட்டுறது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் இருக்கிற சாணைக்கல் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். கல்லுக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது. நாலு சென்டிமீட்டர் அகலமான கத்தின்னா, முதுகுப் பக்கம் சுண்டு விரல் நுழையற அளவு தூக்கிப் பிடியுங்க. அந்தச் சாய்வு கடைசி வரை மாறக் கூடாது. இதுல வேகம் வேண்டாம், பலமும் வேண்டாம், ஒரே சாய்வு போதும். ஒரு பக்கமே தேய்ச்சுக்கிட்டு வந்தா, மறு பக்கம் விளிம்புல மெல்லிசா ஒரு பிசிறு எழும்பும். முதுகிலிருந்து கூர் பக்கமா விரலை மெதுவா இழுத்தா தட்டுப்படும். கூர் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. பிசிறு அடி முதல் நுனி வரை வந்ததும் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் தீட்டணும். பிறகு கல்லைத் திருப்பி, நைஸ் பக்கத்துல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு லேசா இழுத்தா பிசிறு உதிர்ந்திடும். தக்காளியை அழுத்தாம வச்சு இழுங்க. தோல்ல தானா இறங்கினா வேலை முடிஞ்சது.

அரிவாள்மனையைக் கல்லு மேல வைக்க முடியாது. கல்லைத்தான் அலகுக்குக் கொண்டு போகணும். முதுகுப் பக்கமா உட்கார்ந்து, கட்டையை அசையாம மிதிச்சுக்கிட்டு, சின்னக் கல்லைக் கூர்லேருந்து முதுகு பக்கமா இழுங்க. கை எப்பவும் கூரை விட்டு விலகித்தான் போகணும்.

மூணாவது வேலைதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. புதுசா தேய்ச்ச அலகு பளபளன்னு இருக்கும். பார்க்க அழகுதான், ஆனா அது உடுப்பில்லாத இரும்பு. ஈரம் பட்டா ராத்திரியே சிவந்திடும். அதுக்குக் கறுப்பு ஏத்தணும்.

சிவப்பும் கறுப்பும் ஒண்ணுன்னு நினைக்கிறோம். சிவப்புத் துரு பொடிப்பொடியா உதிரும். உதிர்ந்த இடத்துக்குக் கீழே புது இரும்பு தெரியும், அதையும் துரு பிடிக்கும். கறுப்பு அப்படி உதிராம அலகோட ஒட்டி நிக்கும். வாழைப்பூ நறுக்கினா கத்தி கறுக்குதே, அது அந்தத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வர்றது. கலம்காரித் துணியில கறுப்பு எழுதுறதும் இப்படித்தான். கடுக்காய்த் துவர்ப்பு ஏத்தின துணியில, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவச்ச தண்ணி பட்டதும் கறுக்கும்.

அலகை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமத் துடைங்க. ஒரு டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் டீத்தூள் போட்டுக் கொதிக்க வச்சு, ஆறினதும் ரெண்டு ஸ்பூன் வினிகர் விடுங்க. அதுல துணியை நனைச்சு அலகுல சுத்தி ஒரு மணி, ரெண்டு மணி நேரம் வையுங்க. நடுநடுவே பாருங்க. சாம்பல் நிறமாகி, பிறகு கறுக்கும். கழுவி, துடைச்சு, துளி தேங்காய் எண்ணெய் தடவுங்க. இதுக்கும் நேரமில்லையா? ரெண்டு வாரம் வாழைக்காய், மாங்காய், வெங்காயம்னு நறுக்கி நறுக்கி உடனே துடைச்சுக்கிட்டு வாங்க, கறுப்பு தானா ஏறும். ஆரம்பத்துல வாழைக்காய் கொஞ்சம் கறுக்கும், இரும்பு வாடை அடிக்கும். கறுப்பு ஏற ஏற அது குறைஞ்சிடும்.

இந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அக்கா. வீட்டுக்கு வந்த மருமக சுத்தமா இருக்கணும்னு கம்பி நார் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடும். மறுவாரம் துருப்பிடிக்கும். "இந்த இரும்பே சரியில்லை"ன்னு வெளியே போகும். பாதி அரிவாள்மனை வீட்டை விட்டுப் போன கதை இதுதான். சிவப்பைத் தேய்ச்சு எடுங்க, கறுப்பை விட்டு வையுங்க. அதுக்காகக் கறுப்பு இருந்தா துருவே வராதுன்னு ஈரத்தோட போட்டுடாதீங்க. வேலை முடிஞ்சதும் கழுவித் துடைக்கணும். மழை மாசத்துலயும், உப்புக் காத்து அடிக்கிற கடலோர ஊர்கள்லயும் எண்ணெய் தடவித்தான் எடுத்து வைக்கணும்.

அலகுல விரிசல் இருந்தாலோ, பிடி ஆடினாலோ நாமே சரி பண்ண வேண்டாம், கொல்லர் கிட்ட கொண்டு போங்க. மண்ணுல, சாணத்துல கிடந்த அரிவாள் வெட்டினா, காயம் சின்னதுன்னு விடாம கழுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. ஊசி தேவையான்னு அவங்க சொல்வாங்க.

"தீட்டுறதெல்லாம் ஆம்பளைங்க வேலை"ன்னு ஒரு பேச்சு இருக்கு. நான் பட்டறை வீட்டுப் பொண்ணு. எங்க வீட்ல துருத்தி போட்டதும் அம்மா, அப்பா குறடுல பிடிக்க எதிர்ல நின்னு சம்மட்டி அடிச்சதும் அம்மா. கடைக்கு மட்டும் அப்பா பேரு. கத்தியை நாள் முழுக்கப் பிடிக்கிறது நாம. அதைத் தீட்ட மட்டும் ஏன் யாராவது வரட்டும்னு காத்திருக்கணும்?

அதனால கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஊராட்சிக்கு ஒரு நல்ல சாணைக்கல் பொதுவுல வாங்கிக் கொடுங்க. குழுவுக்கு ரெண்டு பேரை அனுப்புங்க, நான் கத்துக் கொடுக்கிறேன். முதல்ல நம்ம சமையல் குழுக்களோட கத்தியைத் தீட்டுவோம். கை பழகினதும் ஓட்டல், கறிக்கடை, கல்யாண மண்டபம்னு போய்க் கூலிக்குத் தீட்டலாம். கடன் பெரிசா வேண்டாம், கல்லும் தண்ணியும் பொறுமையும் போதும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பரண் மேல, கட்டில் அடியில பாருங்க. துருப்பிடிச்ச அலகு ஒண்ணாவது கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு அதைத் துணியில நல்லா சுத்தி எடுத்துட்டு வாங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தீட்டலாம்.