கூலி கம்மி என்பதால்தான் வங்கதேசம் ஜெயித்ததா?

(திருப்பூரில் நம் கட்சியின் தொழிலாளர் அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு பேச்சுவார்த்தை வந்தாலே முதலாளிகள் தரப்பில் ஒரே பாட்டுதான். "கூலியை ஏத்தினா ஆர்டர் எல்லாம் வங்கதேசத்துக்குப் போயிடும்."

அங்கே கூலி கம்மிதான், இல்லைன்னு நான் சொல்லலை. 2023 டிசம்பரிலிருந்து அங்கே ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. நம்ம காசுக்கு 9,000 ரூபாய் பக்கம். ஆனா 1971ல் அந்த நாடு பிறந்தபோதும் கூலி கம்மிதானே? அப்போ ஏன் ஏற்றுமதி இல்லை?

1979ல் தேஷ் என்ற கம்பெனி சுமார் 130 பேரைத் தென்கொரியாவுக்கு அனுப்பியது. தேவூ ஆலையில் தையல், கட்டிங், லைன் நிர்வாகம் எல்லாம் கற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பலர் பின்னால் வெளியே போய்ச் சொந்தமாகவும் பிறர் கம்பெனிகளிலும் தொழிலை வளர்த்தார்கள். அரசாங்கமும், வெளிநாட்டு ஆர்டரைக் காட்டினாலே துணி வாங்கக் கடன் வசதி, ஏற்றுமதிக்கு வரும் துணிக்கு வரி இல்லை என்று வழிவிட்டது. 2001லிருந்து ஐரோப்பாவில் அவர்கள் சரக்குக்கு வரியே கிடையாது. நம்ம பனியன் பல வருஷம் சுமார் 10 சதவீத வரி கட்டித்தான் அங்கே நுழைந்தது. போதாததுக்கு 2021 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு வெளிநாட்டுப் பஞ்சுக்கும் வரி போட்டது. இதுக்கெல்லாம் டெய்லர் என்ன செய்வார்?

இன்னொரு விஷயம், கம்பெனி அளவு. பின்னலாடையைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று 2005 வரை டெல்லி ஒதுக்கி வைத்திருந்தது. அங்கே ஒரே கூரைக்குக் கீழ் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து தைக்கும்போது, நம்ம சரக்கு ஜாப் ஒர்க்குக்காக பவர் டேபிள் தேடி டெம்போவில் சுற்றியது.

ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான். ஒரு டெய்லருக்கு ஷிப்டுக்கு 500 ரூபாய், 50 பீஸ் தைக்கிறார்: பீஸுக்கு 10 ரூபாய். நல்ல மெஷின், முறையான பயிற்சி, கட்டிங் பீஸ் தடையில்லாமல் வந்தால் 75 பீஸ் தைப்பார். அப்போ 600 ரூபாய் கொடுத்தாலும் பீஸுக்கு 8 ரூபாய்தான். கூலி ஏறுகிறது, செலவு இறங்குகிறது. பையர் பார்ப்பது பீஸ் விலையை, நம் சம்பளச் சீட்டை இல்லை.

கூலியை மட்டும் அமுக்கினால் என்ன ஆகும் என்பதையும் டாக்கா பார்த்துவிட்டது. 2013 ஏப்ரல் 24, ராணா பிளாசா. முந்தின நாளே சுவரில் விரிசல். ஒரு மாசச் சம்பளம் போயிடும்னு மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நாட்டுத் தொழிலாளி நமக்கு எதிரி இல்லை, தோழர்களே.

சம்பளத்தோடு பயிற்சி, சின்ன யூனிட்டுகளுக்குப் புது மெஷின் வாங்க மானியம், வெளியூர்ப் பெண்களுக்கு அரசு விடுதி. இதை நாம் கேட்கிறோம். அடுத்த பேச்சுவார்த்தையில் வங்கதேசம்னு ஆரம்பித்தால், ஒரு பீஸின் முழுக் கணக்கையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். நூல் எவ்வளவு, டையிங் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று வரிசையாகப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.