சுவரில் நிற்கும் குழாய் யாருடையது?



2013 டிசம்பர் 22இல் கொட்டிய உறைபனி மழையை ஸ்காபரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகள் அறுந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு இருட்டுப் பழக்கம், குளிர்தான் வதைத்தது.

எங்கள் தெருவுக்கு ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது. ஒரு வயோதிபத் தம்பதி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மரக்கொப்பு விழுந்து, வெளிச்சுவரில் மின்கம்பியைத் தாங்கும் குழாய் வளைந்துவிட்டது. மின்சாரக்காரர் வந்து செய்வார்கள் என்று ஐயா காத்திருந்தார். தெருவிலிருந்து வரும் கம்பிதான் அவர்களுடையது. குழாய் வீட்டுக்காரருடையது. நாங்கள் எலக்ட்ரீசியனைப் பிடித்துத் திருத்தி, மின்பாதுகாப்பு அதிகாரசபை ஒப்புதல் தந்தால்தான் இணைப்பார்கள்.

இதற்குள் ஒருவர் வாசலுக்கு வந்து 1,500 டொலர் காசாக முற்பணம் கேட்டார். அம்மா எடுக்கப் போய்விட்டார். நான் உரிம எண் கேட்டேன். வானில் இருக்கிறது என்று போனவர் போனவர்தான்! ஒன்ராறியோவில் மின்வேலை ஒப்பந்தகாரருக்கு 7 இலக்க உரிம எண் உண்டு. மதிப்பீட்டுத் தாளிலும் அது இருக்கவேண்டும். உரிமமுள்ளவர் வந்து, ஒன்பதாம் நாள்தான் அங்கே வெளிச்சம்.

கணக்காளனாக ஒன்று: துப்புரவாக்க முன் படம் எடுங்கள். கொப்பை அள்ளி எறிந்தபின் காப்புறுதிக்காரருக்கு எதைக் காட்டுவது? பழுதான மீன், இறைச்சியையும் எழுதி வையுங்கள். செலவு 1,400 டொலர், நீங்கள் ஏற்கும் பங்கு 1,000 என்றால் கிடைப்பது 400தான். கோருவதா என்று யோசியுங்கள்.

ஆங்கிலப் பத்திரம் விளங்காவிட்டால் கையெழுத்து வைக்காமல் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் இருப்பேன்.