சாவி ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம்



கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு நகையை அடகு வைக்கப் போகிறோம். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போடுகிறார். கடனை அனுமதிப்பவர் வேறொருவர். பணம் தருபவர் இன்னொருவர். நகையை வைக்கிற பெட்டகத்துக்கோ இரண்டு சாவி, இரண்டு பேரிடம். “ஒருத்தரே முடிச்சுக் குடுத்தா பொழுதோட வீடு போய்ச் சேரலாமே!” என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்வதுண்டு.

களத்துமேட்டை நினைத்துப் பாருங்கள். நெல்லை அளப்பவர் ஒருவர், கணக்கு வைப்பவர் ஒருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்தால், கை தவறினாலும் தெரியாது; மனம் தவறினாலும் தெரியாது.

பெரிய வங்கிகளுக்கும் இதே கதிதான். லண்டனில் 1762-இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் கதையைக் கேளுங்கள். சிங்கப்பூரில் அதற்காகச் சந்தை வியாபாரம் செய்தவர் நிக் லீசன். அந்த வியாபாரத்தின் கணக்கை முடிக்கிற பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. வந்த நஷ்டத்தை எல்லாம் 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்து வந்தார். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து என்று 1994-இலேயே வங்கியின் உள் தணிக்கை எச்சரித்தது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1995 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. நஷ்டம் ஏறத்தாழ 83 கோடி பவுண்டு! 233 வருஷ வங்கியை நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. நிறுவனம் ஒரே ஒரு பவுண்டு விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஆகவே அனுமதிப்பது, பணத்தை வைத்திருப்பது, கணக்கு எழுதுவது, சரிபார்ப்பது இவை நான்கும் ஒரே கையில் சேரக் கூடாது. இது யாரையும் திருடன் என்று சொல்வதல்ல. யோக்கியமாக வேலை பார்ப்பவருக்கும் இதுதான் காப்பு. பணம் குறைந்தால், பழி சும்மா அவர் தலையில் விழாது பாருங்கள்.

ஆனால் ஒன்று. இந்த வேலியை நாமே பிரித்துவிடுகிறோம். “நம்ம தம்பிதானே” என்று வெற்றுச் சீட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுக்கிறோம். பாஸ் புத்தகத்தைச் சங்கத்திலேயே விட்டு வருகிறோம். வழியில் பார்த்தவரிடம் தவணைப் பணத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். அப்புறம் அத்தனை வேலையும் ஒருவர் கைக்குப் போகாமல் என்ன செய்யும்?

எனவே, நகையின் எடையும் கடன் தொகையும் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டினால் அங்கேயே ரசீது வாங்குங்கள். பாஸ் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். பேரவைக் கூட்டத்துக்குப் போய், தணிக்கையில் என்ன குறை சொன்னார்கள் என்று கேளுங்கள்.

ஊழியர்கள் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் இரண்டு சாவியும் ஒன்றுதான். அப்போது மிஞ்சுகிற காவல் உறுப்பினராகிய நீங்கள்தான்.