கருவி மாணவர் கையில் இருக்கட்டும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் தளராது நடைபெறுதல் எளிய செயலன்று. உறுப்பினர் மாதந்தோறும் தந்த சிறு சந்தாவும், ஊதியம் கருதாது மாலைவேளையில் பாடஞ்சொன்ன இளைஞர்களின் உழைப்புமே நம் மூலதனம். அம்மூலதனத்தை இனிவரும் காலத்தில் எவ்வாறு பெருக்குவது என்பதே நம்முன் நிற்கும் வினா. அதன் ஒரு பகுதியாக, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் பல்லூடகக் கருவிகளை நம் மாலை வகுப்புகளில் எங்ஙனம் கையாளலாம் என்பது குறித்துச் சில கருத்துகளை எடுத்துரைக்க விழைகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நிகழ்ந்ததை நம்மில் பலர் அறிவோம். கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். அதன் பின்னரே அவர் கை பலகையைத் தொட முடிந்தது. பாடத்தைக் கேட்பது ஓர் உரிமை. கருவியைத் தொட்டுச் செய்வது வேறோர் உரிமை. முன்னது கிடைத்த பின்னரும் பின்னது கிடைக்காமற் போகலாம் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இன்றும் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே அம்மீட்டர்தான் உண்டெனில், அது முன்னால் நிற்கும் இருவர் கையிலேயே சுழலும். பின்னால் நிற்கும் மாணவி பிறர் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்துவிட்டு, விடையை ஏட்டில் படியெடுத்துக்கொள்வாள். கருவி உடைந்தால் யார் பணம் கட்டுவது என்னும் அச்சத்தால் தானே கையைப் பின்னிழுத்துக்கொள்ளும் ஏழைப் பிள்ளையும் உண்டு. இத்தகையோர்க்கே இப்புதிய கருவிகள் முதற்கண் பயன்பட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஃபெட் என்னும் தொகுப்பைக் காண்போம். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் இதனைத் தொடங்கினார். இதில் மின்சுற்று அமைக்கும் பகுதியொன்று உண்டு. மின்கலம், கம்பி, விளக்கு, ஆளி ஆகியவற்றை விரலால் இழுத்து இணைத்தால் திரையில் விளக்கு எரியும். கம்பியினுள் எலெக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாய் நகர்வது கண்ணுக்குப் புலனாகும். விளக்கை எரிப்பதில் மின்னோட்டம் செலவாகிவிடுகிறது என்றே பிள்ளைகள் பலர் எண்ணியிருப்பர். விளக்கிற்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்துப் பார்க்கும் மாணவி, இரண்டிடத்தும் ஒரே அளவைக் கண்டு திகைப்பாள். ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றலே. மின்னோட்டம் குறையாமல் சுற்றி வருகிறது என்பதை அத்திகைப்பிலிருந்தே அவளுக்கு விளக்கிவிடலாம். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங்கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றும், யாருக்கும் கேடில்லை. அஞ்சாமல் தவறு செய்து பார்ப்பதற்கு இது ஏற்ற இடம்.

கணிதத்திற்கு ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் உள்ளது. ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் இதனை உருவாக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் முனையொன்றைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். நூறு முக்கோணங்களைக் கண்டாலும் அது நிறுவலாகாது. ஆயினும், ‘ஏன் மாறவில்லை?’ என்று மாணவரே கேட்பர். அப்போது ஆசிரியர் உச்சி வழியே அடிப்பக்கத்திற்கு ஓர் இணைகோடு வரைந்தால், அந்நிறுவல் மனத்தில் பதியும்.

ஆசிரியர் பணி இங்கே குறையவில்லை, கூடுகிறது. கருவியை இயக்கும் முன்னர், என்ன நிகழும் என்று ஒவ்வொரு மாணவரும் தம் கணிப்பை ஏட்டில் எழுதுதல் வேண்டும். பின்னர் செய்து பார்த்தல். அதன் பின்னர் கணிப்புக்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை வாய்விட்டு விளக்குதல். நால்வர்க்கு ஒரு கைப்பேசி போதும். ஒருவர் இயக்க, ஒருவர் வழிசொல்ல, ஒருவர் குறிப்பெழுத, ஒருவர் வினவ வேண்டும். பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். முறை வைக்காத இடத்தில் குரல் பெரியவனே கருவியைக் கைப்பற்றுவான். பெண்பிள்ளைகள் மீண்டும் பின்னுக்கே தள்ளப்படுவர். அவ்வாறே, பெரிய திரையில் அரைமணி நேரம் படங்காட்டிவிட்டு, வகுப்பு அமைதியாயிருந்ததைக் கொண்டு பாடம் நடந்தேறியதாகக் கருதலும் ஆகாது. படத்தை இடையில் நிறுத்தி வினாக் கேளாவிடின், அதுவும் மாணவர் தொட முடியாத மற்றொரு கரும்பலகையே.

கருவி இலவசம் என்கிறோம். அதனை அடையும் வழி இலவசமன்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் மாநிலப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீட்டில் இணையவழி வகுப்பும் இல்லாமற் போயிற்று. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தந்தையார் வேலைக்கு எடுத்துச் சென்றால், பாடமும் அதனோடு சென்றது. ஆகவே தனித்தனி வீட்டின் வசதியை நம்பியிராமல், கழகமே இதனைப் பொதுவில் ஏற்றல் வேண்டும். ஃபெட் தொகுப்பின் பாடங்களைத் தனிக் கோப்புகளாகப் பதிவிறக்கிக்கொண்டால், பின்னர் இணையமின்றியே இயக்கலாம். மாணவர் பெயரைப் பதிவு செய்யவும் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பெற்ற மடிக்கணினிகள் நம் வீடுகளில் பழுதுபட்டுக் கிடப்பின், சீர்செய்யத்தக்கவற்றைச் சீர்செய்து மாலை வகுப்புக்கு வழங்கலாம்.

இறுதியாக ஒன்று. பிறர் ஆக்கியதைப் பார்ப்பதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடலாகாது. 1936-இல் லாகூர் மாநாட்டிற்கென அண்ணல் எழுதிய உரையை நிகழ்த்தும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் அதனைத் தம் செலவிலேயே நூலாக்கினார். அந்நூலையே, அவர் பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் விளக்கங்களுடன் கூடிய பல்லூடகப் பதிப்பாக இணையத்தில் வெளியிட்டது. அம்முறையை நம் ஊர் வரலாற்றுக்கும் கொள்ளலாம். கூலி உயர்வு கேட்டது, முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, இக்கழகத்திற்குக் கூரை வேய்ந்தது ஆகியவற்றை நம் பாட்டன் பாட்டியர் சொல்ல, அவர்தம் இசைவுடன் மாணவர்கள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளால் அவ்வொலியைச் செப்பனிட்டு, படங்களுடன் இணைத்துப் பாடமாக்கட்டும். தாம் ஆக்கியதை வகுப்பின்முன் வைத்து விளக்கும் பிள்ளைக்கு அதன்பின் கூச்சம் ஏது?

இளைஞர்களே! வாரம் ஒரு மாலை இப்பணிக்கெனத் தாருங்கள். உங்கள் பழைய கருவிகளைத் தாருங்கள். வகுப்பு முடிந்ததும், ‘இன்று எத்தனை பேர் கை கருவியைத் தொட்டது?’ என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் மறுநாள் வகுப்பு அவரிடமிருந்தே தொடங்கட்டும்.

வளர்க நம் கழகம்!