முதுமையிலே உலகறிந்த நடிகை



திரைப்பட நடிகையரின் புகழ் இளமையிலே தோன்றி முதுமையிலே மங்குவதே பெரும்பாலும் வழக்கம். அவ்வழக்கிற்கு மாறாக, 76 வயதிலே திரையின் வாயிலாக உலகறியப் பெற்ற பிரித்தானிய நடிகை ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகின்றேன். அவர் பெயர் பெகி ஆஷ்குரொப்ற்.

இலண்டனை அடுத்த குறொய்டனில் 1907ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தையார் முதலாம் உலகப் போரில் உயிர்துறந்தார். நாடகப் பயிற்சி பெற்றபோது அவருடன் பயின்றவர்களுள் லோறன்ஸ் ஒலிவியரும் ஒருவர். 1926இல் பேர்மிங்காம் நகரிலே முதன்முதலாக மேடையேறினார்.

அவருடைய உள்ளத்தின் உறுதியைக் காட்டிய ஆண்டு 1930. இலண்டன் சவோய் அரங்கில் ஒதெல்லோவாக நடித்தவர் கறுப்பின அமெரிக்கரான போல் றொப்சன். மனைவி டெஸ்டிமோனாவாக நடித்தவர் 22 வயதான ஆஷ்குரொப்ற். வெள்ளைப் பெண்ணொருத்தி கறுப்பரின் மனைவியாகத் தோன்றுவதா என்று வெகுண்டோர் அவருக்கு வசைக் கடிதங்கள் எழுதினர். அரங்கிலே கைதட்டல் பெற்ற றொப்சனுக்கு அயலிலிருந்த பெருவிடுதியில் வரவேற்பு இருக்கவில்லை. அதைக் கண்டு அவர் மனம் நொந்தார். ஆனால் அஞ்சிப் பின்வாங்கினாரல்லர்.

1935இல் ஹிச்கொக் இயக்கிய 'முப்பத்தொன்பது படிகள்' என்னும் படத்தில் ஸ்கொத்லாந்துக் குடியானவனின் மனைவியாகச் சில நிமிடங்களே தோன்றினார். தப்பியோடும் கதாநாயகனுக்குக் கணவனின் மேலங்கியைக் கொடுத்தனுப்பும் ஏழைப் பெண் அவள். எனினும் மேடையே அவர் வாழ்வாயிற்று. 1956இல் 'டேம்' பட்டம் கிடைத்தது. 1962இல் பிறந்த ஊரில் ஓர் அரங்கு அவர் பெயரால் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைத் தொகுத்தமைத்த 'றோஜாப் போர்கள்' என்னும் நாடகத் தொடரில், இளம் மணமகளாய் வந்து சபிக்கும் முதியவளாய் முடியும் மார்கறெற் அரசியாக நடித்தார். அதனை 1965இல் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது.

1984ஆம் ஆண்டு இரு பாத்திரங்கள் வந்தன. இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவைச் சார்ந்தவை. போல் ஸ்கொற்றின் நாவல்களை ஆதாரமாகக் கொண்ட 'மகுடத்தில் ஒரு மாணிக்கம்' என்னும் 14 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரில், ஓய்வுபெற்ற மிஷன் ஆசிரியை பார்பி பச்சலர் ஆனார். தன் இனத்தாராலேயே ஒதுக்கப்பட்டு, இறுதியிலே பேச்சும் இழந்து மடியும் தனியள் அவள். டேவிட் லீன் இயக்கிய 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' படத்தில் மூர் சீமாட்டி ஆனார். பாதணியைக் கழற்றிவிட்டுப் பள்ளிவாசலில் நுழைபவள் அவள். டாக்டர் அசீஸ்மீது குற்றஞ்சாட்டப்பட்டபோது அவன் குற்றமற்றவன் என்று உறுதியாக நம்பியவளும் அவளே.

இப்படத்திற்காக 1985இல், 77ஆவது வயதில், சிறந்த துணை நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற நடிகையருள் வயதில் மூத்தவர் இன்றும் அவரே. விழாவிற்கு அவர் செல்லவில்லை. அஞ்சலா லான்ஸ்பரி அதனை அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். 1991ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி அவர் காலமானார்.

நேயர்களே, 22 வயதில் ஏற்ற டெஸ்டிமோனாவும், 76 வயதில் ஏற்ற மூர் சீமாட்டியும் நிறத்தைக் கடந்து மனிதனைக் கண்ட பெண்கள். இளமையிலே வசைக் கடிதங்களுக்கு அஞ்சாது நின்ற அந்நெஞ்சமே, முதுமையிலே அக்கிழவியின் கண்களில் நின்று பேசியது எனலாம். பயிற்சி குரலைத் தரும். அக்குரலுக்கு உண்மையைத் தருவது வாழ்ந்த வாழ்க்கையே.