கடைசி விசிலுக்குப் பிறகு



பெரிய ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களை மைதானத்துக்குள் விடலாமா என்பது இன்றைய கேள்வி. கூடாது என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் வாதாடினார். விட வேண்டும் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

1983 ஜூன் 25-ஆம் தேதியை இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். லண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். எதிரே வெஸ்ட் இண்டீஸ். 1975-லும் 1979-லும் உலகக் கோப்பையைத் தூக்கிய அணி. நாம் எடுத்தது 183 ரன். அதில் அதிகம் அடித்தவர் நம் சென்னை ஸ்ரீகாந்த், 38. இது போதாது என்று நினைத்தவர்கள்தான் அன்று அநேகம். ஆனால் வெஸ்ட் இண்டீஸ் 140-க்குச் சுருண்டது. மொஹிந்தர் அமர்நாத் வீசிய பந்து ஹோல்டிங்கின் காலில் பட்டு, அம்பயர் விரலைத் தூக்கிய அந்த நொடியை இன்றும் எடுத்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பெவிலியன் பக்கம் ஓடுகிறார்கள். நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் உள்ளே ஓடி வருகிறது. கொஞ்ச நேரத்தில் புல்லே தெரியவில்லை, தலைகள்தான் தெரிகின்றன. கபில் தேவ் பால்கனியில் கோப்பையோடு நிற்கும் படம் நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அவர் அந்தக் கோப்பையை யாருக்குக் காட்டினார்? கீழே புல்வெளியில் அண்ணாந்து நின்றவர்களுக்கு! கடல் கடந்து பிழைக்கப் போன ஊரில், தன் நாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேச ஒரு நாள் கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்த ஜனங்களுக்கு! அவர்கள் அன்று கேலரியிலேயே உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது அதே வெற்றியாக இருந்திருக்குமா?

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால், 1971 ஆகஸ்டில், அதே லண்டனில் ஓவல் மைதானம். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்த ஆட்டம். வடேகர் கேப்டன், நம் வெங்கட்ராகவன் துணைக் கேப்டன். அபித் அலி அடித்த பவுண்டரியோடு இங்கிலாந்து மண்ணில் நமக்கு முதல் டெஸ்ட் வெற்றி. அன்றும் ஜனம் உள்ளே வந்தது. இந்திய கிரிக்கெட்டின் இந்த இரண்டு பெரிய நாட்களும் ரசிகர்கள் புல்லில் நின்ற நாட்கள்.

நண்பர் சொன்ன எதையும் நான் தள்ளிவிடப் போவதில்லை. அவர் சொன்னதைவிட இன்னும் சிலவற்றை நானே சேர்த்துச் சொல்கிறேன். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், லில்லியும் தாம்சனும் கடைசி ஜோடியாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு கேட்ச் பிடித்தார்கள். ஆட்டம் முடிந்தது என்று கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது. அது நோ-பால்! பந்து எங்கே போனது என்று தெரியாத குழப்பத்தில் இரண்டு பேரும் ரன் ஓடிக்கொண்டிருந்தார்கள். 2001 ஜூனில் லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்தில், இங்கிலாந்து - பாகிஸ்தான் ஆட்டம் முடியும் முன்பே கூட்டம் உள்ளே வந்தது. மைதான ஊழியர் ஒருவர் கீழே விழுந்து மிதிபட்டுப் படுகாயம் அடைந்தார். இங்கிலாந்து அணி ஆட்டத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

2022 மே 17. நாட்டிங்ஹாம் நகரம். கால்பந்து ஆட்டத்தில், பெனால்டியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஜெயித்துவிட்டது, ரசிகர்கள் உள்ளே ஓடி வருகிறார்கள். தோற்றுப்போன ஷெஃபீல்டு யுனைடெட் அணியின் பில்லி ஷார்ப், காயத்தால் அன்று ஆடாதவர், கோட்டோரமாகக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறார். ஓடி வந்த ஒருவன் தலையால் அவர் முகத்தில் முட்டிச் சாய்த்துவிட்டுப் போனான். அவனுக்கு 24 வாரம் சிறை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. பரிந்து பேச வந்தவன் என்பதற்காக அதை மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1975-லும் 2001-லும் நடந்தது ஆட்டம் முடிவதற்கு முன்னால். அதற்கு நானும் எதிரி. ஆட்டம் நடக்கும்போது கோட்டைத் தாண்டிக் கால் வைப்பவனை வெளியே கொண்டுபோய் விடுங்கள், வழக்குப் போடுங்கள், நான் கேட்க மாட்டேன். பில்லி ஷார்ப் அடிபட்டது, தோற்றவர்கள் உள்ளே போவதற்கு முன்பே கூட்டம் வந்துவிட்டதால். அயர்லாந்தில் 2010 ஜூலையில் மீத், லவுத் மாவட்டங்களின் ஆட்டம் முடிந்ததும் நடுவரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினார்களே, அதுவும் அப்படித்தான். கடைசி நிமிஷத்தில் கொடுக்கக் கூடாத கோலை அவர் கொடுத்துவிட்டார். அவர் உள்ளே போக ஐந்து நிமிஷம் பாதுகாப்புக் கொடுத்திருந்தால் அவர்மேல் ஒரு கையும் பட்டிருக்காது.

அந்த அயர்லாந்துக் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டப்ளினில் குரோக் பார்க் என்று எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம். அங்கே ஆடுகிறவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. வாத்தியார், விவசாயி, மின்வாரிய ஊழியர் மாதிரியான ஆட்கள். சொந்த ஊருக்காக ஆடுகிறார்கள். இறுதி ஆட்டம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கி, ஹோகன் ஸ்டாண்டுக்குக் கீழே நெருக்கியடித்து நிற்பார்கள். கேப்டன் மேலே கோப்பை வாங்கிப் பேசுவார். தங்கள் தெருப் பையன் பேசுவதை அண்ணாந்து கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கம் அது. 2010-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நெரிசலில் யாருக்காவது உயிர்ச்சேதம் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் பொய் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் அதே நாட்டில் முன்ஸ்டர் மாகாணத்து ஆட்டங்களில் ஜனம் இன்றும் புல்லில் இறங்குகிறது, சின்னப் பிள்ளைகள் ஆட்டக்காரர்களிடம் அந்த ஊர் ஹர்லிங் ஆட்டத்தின் மட்டையில் கையெழுத்து வாங்குகிறார்கள். வழக்கம் சாகவில்லை. தலைநகரத்தில் மட்டும் அதற்குக் கதவு சாத்தியிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன். நண்பரே, ரசிகர்கள் உள்ளே வருவதால் உயிர் போகும் என்றீர்கள். ஆட்டக்களங்களில் உயிர் போன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1985 மே 11. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு. பிராட்ஃபோர்டு சிட்டி அணி பட்டம் வென்று, கோப்பையைக் கையில் வாங்கிய கொண்டாட்ட நாள். மரத்தால் ஆன பழைய ஸ்டாண்டு தீப்பிடித்தது. சில நிமிஷத்தில் கூரை முழுக்க நெருப்பு. பின்பக்க வாசல் தேடி ஓடியவர்களுக்குப் பூட்டிய கதவு. 56 பேர் செத்துப்போனார்கள். ஆனால் அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் கம்பிவேலி இல்லை. ஆயிரக்கணக்கான பேர் முன்பக்கம் குதித்து மைதானத்துக்குள் ஓடினார்கள், பிழைத்தார்கள். நெருப்புக்குள்ளிருந்து கிழவரை இழுத்து வந்து புல்லில் கிடத்தியவர்களும் அந்த ரசிகர்கள்தான்.

நான்கே ஆண்டு கழித்து, 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம். அங்கே வேலி இருந்தது. எதற்காக வேலி? ரசிகர்கள் மைதானத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக! கோலுக்குப் பின்னால் கம்பி அடைப்புக்குள் அளவுக்கு மேல் ஆட்களை விட்டுவிட்டார்கள். முன்வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் கம்பியில் நசுங்கியது. மூச்சு விட வழியில்லை. இரண்டடி தூரத்தில் பச்சைப் புல், காற்றோட்டமான வெட்டவெளி. அங்கே போக முடியவில்லை. தப்பிக்க வேலி ஏறியவர்களை, கலாட்டா பண்ண வருகிறார்கள் என்று முதலில் போலீஸே உள்ளே தள்ளியது. ஆட்டத்தை நிறுத்தும்போது மூன்று மணி ஆறு நிமிஷம். மொத்தம் 97 உயிர். ஸ்ட்ரெச்சர் போதாமல், மைதான ஓரத்து விளம்பரப் பலகைகளைப் பிய்த்து அதில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார்? ரசிகர்கள்! எவர்களை உள்ளே விடக் கூடாது என்று வேலி போட்டார்களோ, அவர்கள்! அடுத்த ஆண்டு ஜனவரியில், இதை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை வந்தது. அதன்பின் அந்த நாட்டுக் கால்பந்து மைதானங்களில் அந்த வேலிகள் இறங்கின.

வேலியில்லாத பிராட்ஃபோர்டில் மைதானம் உயிர் காத்தது. வேலி போட்ட ஹில்ஸ்பரோவில் வேலியே கொன்றது. இதற்கு மேல் நான் என்ன சாட்சி கொண்டுவர வேண்டும்?

கொண்டுவருகிறேன். 1964 மே 24, பெரு நாட்டின் லிமா. கோல் செல்லாது என்று நடுவர் சொன்னதும் இரண்டே இரண்டு பேர் மைதானத்துக்குள் ஓடினார்கள். அவர்களைப் போலீஸ் அடித்த அடியில் கூட்டம் கொதித்தது. கேலரியில் கண்ணீர்ப்புகை வீசினார்கள். தப்பிக்கப் படிக்கட்டில் இறங்கிய கூட்டத்துக்கு எதிரே, அடியில், இழுத்து மூடிய இரும்புக் கதவுகள். அரசு சொன்ன கணக்கே 328 பேர். அறுபது வருஷம் ஆகப்போகும் நேரத்தில், 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, இந்தோனேஷியாவில் மலாங் பகுதியிலுள்ள கஞ்சுருஹான் மைதானம். அரேமா அணி சொந்த மண்ணில் 3-2 என்று தோற்றது. ரசிகர்கள் உள்ளே இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டை மைதானத்துக்குள் மட்டும் சுடவில்லை, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்த கேலரிக்குள்ளும் சுட்டது. வாசல் குறுகல், சில வாசல் சரியாகத் திறக்கவே இல்லை. 135 பேர், அதில் எத்தனையோ குழந்தைகள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையே கொண்டுவரக் கூடாது என்று ஃபிஃபா விதி இருக்கிறது. அந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகள் அன்று ராத்திரி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

லிமாவிலும் மலாங்கிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் புல்லில் ஓடியதால் சாகவில்லை, ஐயா. புகையாலும் மூடிய கதவாலும் செத்தார்கள்.

வெளிநாட்டு விஷயம் இருக்கட்டும், நம் ஜனத்துக்கு ஒழுங்கு வராது என்று சிலர் சொல்வார்கள். இங்கேயும் இரண்டு பேர் தலையாட்டுகிறீர்கள், பார்த்தேன். 1999 ஜனவரி 31-ஐ நினைத்துப் பாருங்கள். நம் சேப்பாக்கம். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ரன் எடுத்து, வெற்றிக்கு 17 ரன் இருக்கும்போது அவுட் ஆனார். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. நெஞ்சு உடைந்து உட்கார்ந்திருந்த அந்தச் சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்கள் நாம். நம்மை நம்பாமல் யாரை நம்பப் போகிறீர்கள்?

2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது 11 பேர் நெரிசலில் செத்தார்கள். அவர்களில் ஒருவரும் மைதானப் புல்லை மிதித்தவர் இல்லை. வாசலுக்கு வெளியே, தெருவில். இடம் கொடுக்காமல், நேரம் சொல்லாமல், கதவைத் திறப்போமா மாட்டோமா என்று தெரியாமல் நிறுத்திவைத்தால் சந்தோஷம் கூட ஆளைக் கொல்லும்.

சரி, எப்படி விடுவது? இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் நடக்கும் மைதானங்களில் இது சர்வசாதாரணம். உணவு இடைவேளையில் பெரியவர்கள் சாவகாசமாக உள்ளே நடந்து வருவார்கள். நடுவில் பிட்ச் இருக்கும் சதுரத்தைக் கயிறு கட்டி, பக்கத்தில் ஊழியர்களை நிறுத்தியிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, குனிந்து, பிட்ச் எப்படி வெடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சுற்றிலும் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவார்கள். மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் சில ஆட்டங்கள் முடிந்ததும் அப்பாவும் பிள்ளையும் சொந்தப் பந்தோடு இறங்கி உதைத்து விளையாடலாம் என்று நேரம் ஒதுக்குகிறார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரிய ஆட்டம் முடிந்ததும் மைதானம் காலியாகவா இருக்கிறது? பரிசளிப்பு மேடையைச் சுற்றிப் பாருங்கள். விளம்பரம் கொடுத்தவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், அவர்களுடைய மைத்துனர், மைத்துனர் மகன், கையில் போனோடு. அவர்கள் காலடியில் புல் கெடாதா? முந்தின ராத்திரியே வந்து வாலாஜா சாலை நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்து டிக்கெட் வாங்கியவன் மிதித்தால் மட்டும் புல் கெட்டுவிடுமா? பாஸ் வைத்திருப்பவன் உள்ளே, டிக்கெட் வாங்கியவன் கம்பிவலைக்கு வெளியே என்ற இந்த ஏற்பாட்டை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரப்போகும் மாவட்டக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தொடங்குவோம். கடைசி விசில் ஊதியதும் முதலில் நடுவர்கள் உள்ளே போகட்டும், அவர்களோடு தோற்ற அணியும் போகட்டும். பதினைந்து நிமிஷம் ஒருவரும் அசையக் கூடாது என்று மைக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கேலரியாகக் கதவைத் திறந்து, சிறுவர்களையும் குழந்தையோடு வந்தவர்களையும் முதலில் இறக்குங்கள். கோல் கம்பங்களைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். அரை மணி நேரம். ஜெயித்த அணி நடுவில் நின்று கோப்பையை அங்கேயே வாங்கட்டும். காவல்துறை இருக்கட்டும், கண்ணீர்ப்புகை வேண்டாம். ஆட்டம் தொடங்கியது முதல் கடைசி ஆள் வெளியேறும் வரை எந்த வாசலிலும் பூட்டு தொங்கக் கூடாது. கம்பிவலை இருக்கும் இடத்தில் எல்லாம் மைதானத்தை நோக்கித் திறக்கும் அகலமான கதவும், அதன் பக்கத்தில் சாவியோடு ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

இதைத் தீர்மானமாக எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். நண்பர் உட்பட எல்லோரும் படித்துப் பாருங்கள், மாற்ற வேண்டியதை மாற்றுங்கள், சம்மதம் என்றால் கையெழுத்திடுங்கள். தாள் தலைவர் மேஜையில் இருக்கிறது. மாவட்டச் சங்கத்துக்கு நாளைக் காலையில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.