மணிக்கட்டில் கருவி, பக்கத்தில் ஆள்



இளையோரின் மனநிலையைக் கருவி கொண்டு அறிவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். வன்னியின் புதுக்குடியிருப்பில் நின்று பேசுகிறேன். ஆகவே இந்த மண்ணின் ஆய்வொன்றிலிருந்து தொடங்குகிறேன். 2002 இல், போர்நிறுத்த காலத்தில், வன்னிப் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடம் அது நடந்தது. செல்லடி, குண்டுவீச்சு, உற்றவரின் சாவு என்று ஏதோவொரு கொடுமையைக் கண்டவர்கள் 92 வீதம். நாலில் ஒரு பிள்ளைக்கு மனவடு நோய். பயிற்சி பெற்ற எங்கள் ஆசிரியர்களே பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, கதை கேட்டு, இதைக் கண்டறிந்தார்கள். சுனாமியும் 2009 இன் இறுதிப் போரும் அதற்குப் பிறகுதான் வந்தன.

இனிக் கருவிக்கு வருவோம். கருவியால் உணர்ச்சியை அறியும் இத்துறைக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ரொசலிண்ட் பிக்கார்ட்; 1997 இல் அதே பெயரில் நூலும் எழுதினார். மணிக்கட்டுப் பட்டி நாடித்துடிப்பையும், வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துதிறனையும் அளக்கிறது. மனம் பதறினால் உள்ளங்கை வியர்க்கும் என்பது எங்கள் ஆச்சிமாருக்கும் தெரியும்; பட்டி அதை விடாமல் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் வரும் படபடப்பு, குடித்துவிட்டு அப்பா படலையைத் திறக்கும்போது வரும் படபடப்பு, விரும்பிய பெட்டை திரும்பிப் பார்க்கும்போது வரும் படபடப்பு எல்லாம் அதற்கு ஒரே கோடு.

முகம் பார்த்து மனம் சொல்லும் கமராக்கள் இன்னும் மோசம். முகத்தசையை மட்டும் வைத்து உணர்ச்சியைத் துணிய முடியாது என்று லீசா ஃபெல்ட்மன் பரெட் குழுவினர் 2019 இல் விரிவாகக் காட்டினார்கள். 2025 பெப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாடசாலைகளில் இத்தகைய கமராக்களைத் தடைசெய்திருக்கிறது. மருத்துவ, பாதுகாப்புத் தேவைக்கு மட்டும் விலக்கு. எங்கள் ஆட்களோ துயரத்தைத் தலையிடி, நெஞ்சுநோ, கைகால் உளைவு என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதை நெடுங்காலமாக எழுதிவந்தவர். அந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தில் கமரா எதைப் படிக்கும்?

இன்னொன்றும் உண்டு. பதிவு, விசாரணை, சோதனைச் சாவடி எல்லாம் கண்ட சனம் இது. பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு யாரோ ஒருவரின் கணினிக்குப் போகுமென்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. இருந்தாலும் தாயின் பயம் சட்டத்தால் தீராது.

கருவியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். உளவளத்துணையாளர் பக்கத்தில் இருக்க, பிள்ளை மெல்ல மூச்சுவிட்டுத் தன் துடிப்பு இறங்குவதைத் தானே பார்த்துப் பழகலாம். அது நல்ல பயன். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளையிடமே இருக்கவேண்டும். அதிபருக்கும் வேண்டாம், திணைக்களத்துக்கும் வேண்டாம். புலம்பெயர்ந்த உறவுகளே, பட்டிகள் வாங்கி அனுப்புவதற்கு முதல் ஒரு பாடசாலைக்கு ஓர் உளவளத்துணையாளரின் சம்பளத்தைப் பொறுப்பெடுங்கள்.

பிள்ளைகளே, யோசனை தாங்கமுடியாத இரவில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.